காரங்காட்டுக்குப் போக வேண்டும், எங்கே தங்குவது?

கேள்வி:

ஐயா, போன வருடம் தம்பி வேலை பார்க்கும் லிஸ்பன் நகரத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். எந்தக் கிழமை எந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும், 28ஆம் எண் டிராமில் எத்தனை மணிக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், பர்ஸை எங்கே பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை புறப்படும் முன்பே தெரிந்துவிட்டது. இப்போது தை மாதத்தில் கோவையிலிருந்து காரில் ராமேஸ்வரம் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சைவம் மட்டுமே சாப்பிடுவார். பிள்ளைகளுக்குக் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகில் போகவேண்டும். ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் காரங்காட்டுக்குப் போய்த் திரும்பலாமா? வழியில் ராமநாதபுரத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? அம்மா படகில் ஏற முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? யாரைக் கேட்டாலும் “போங்க, பாத்துக்கலாம்” என்கிறார்கள்.

– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்:

உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இரண்டு இரவையும் ராமநாதபுரத்தில் தங்குங்கள். ராமேஸ்வரம் கடைசி நாள்.

ராமேஸ்வரத்தில் தங்கினால் காரங்காட்டுக்குப் போக மட்டுமே இரண்டு மணி நேரம் காரில் உட்கார வேண்டும், திரும்பவும் அதே அளவு. முழங்கால் வலி உள்ளவருக்கு அது தண்டனை. ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி நோக்கிப் போனால் காரங்காடு நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரப் பயணம். ராமேஸ்வரம் இதே ஊரிலிருந்து எதிர்த் திசையில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊரை விட்டுவிட்டு ஓரத்தில் போய்த் தங்குவானேன்? தை மாதம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தை அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். அதை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள் ராமேஸ்வரத்தில் கார் நகராது, அறை வாடகை எகிறும், அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு விஷயம். இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போங்கள்.

“ராமநாதபுரத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா” என்று கேட்டிருக்கிறீர்கள். லிஸ்பன் ஒரு தலைநகரம் என்று தெரிந்து போனீர்கள். இதுவும் ஒரு தலைநகரம். சேதுபதி மன்னர்கள் முதலில் போகலூரிலிருந்து ஆண்டார்கள். நீங்கள் வரும் சாலையில் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த கிழவன் சேதுபதிதான் தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டை கட்டி, அதற்குள் ராமலிங்க விலாசம் அரண்மனையையும் எழுப்பினார். இன்று அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் “அரண்மனை” என்று சொன்னால் போதும், கடைத்தெருவுக்கே அதுதான் பெயர்.

கோவையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக மதியச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் வந்துவிடலாம். அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, வெயில் கொளுத்தும் மூன்று மணிக்கு அரண்மனைக்குப் போங்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் செய்யத்தக்க காரியம் அது ஒன்றுதான். உள்ளே சுவர் கனத்தில் குளிர்ச்சியாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்; எந்த நாள், எத்தனை மணி என்பதை விடுதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கவும் அங்கேயே அனுமதி கேளுங்கள், சுவரில் கை வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

ஏனென்றால் சுவர் முழுக்க ஓவியம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர்களை மன்னர் வரவேற்பது, அந்தப்புரக் காட்சிகள், ராமாயணம், பாகவதம் எல்லாம் இருக்கும். மதுரை, தஞ்சாவூர் என்று தேடிப் போகிற நம்மவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்களே என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம். கட்டிடம் கோயிலின் அமைப்பில், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை போல ஓர் உள்ளறை என்று வரிசையாகப் போகும். பிள்ளைகளுக்குச் சுவர் சலித்தால் வளரியைக் காட்டுங்கள். எறிந்து தாக்கும் அந்த வளைந்த ஆயுதம் பாடப்புத்தகத்தில் படமாக இருப்பதுதான். கட்டபொம்மன் பாடம் படித்த வயதென்றால் இன்னொன்றும் சொல்லலாம்: 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததும், பேச்சு முற்றிக் கைகலப்பாகி லெப்டினென்ட் கிளார்க் கொல்லப்பட்டதும் இந்த அரண்மனையில்தான். முதல் மாடிக்குப் படி ஏற வேண்டும். அம்மா கீழேயே உட்கார்ந்திருக்கட்டும்.

மறுநாள் காரங்காடு. இங்கே ஒரு பழைய வழியைச் சொல்கிறேன். சேது யாத்திரை போகிறவர்கள் நேரே ராமேஸ்வரத்தில் போய் இறங்கிவிடுவதில்லை. உப்பூர் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தை வணங்கி, திருப்புல்லாணி போய், அதன் பிறகுதான் பாம்பன் கடப்பது வழக்கம். வடக்கே தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கடற்கரையோடு நடந்து வந்தவர்களின் வரிசை அது. அவர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டிவைத்தார்கள். உப்பூரும் காரங்காடும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆகவே பிள்ளைகளின் படகுக்குப் போகும் அதே நாளில் உங்கள் அம்மாவுக்கு முறையான சேது யாத்திரை தொடங்கிவிடும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது “பிள்ளைகளுக்காக வந்தோம்” என்பதைவிட இது நல்ல ஏற்பாடு.

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். உப்பூரில் வெயிலுகந்த விநாயகர். பெயருக்கேற்ப வெயில் படும்படி இருப்பவர். கால்மணி நேரம் போதும். அங்கிருந்து தொண்டிப் பக்கம் கொஞ்சம் போய், காரங்காடு விலக்கில் கிழக்கே திரும்ப வேண்டும். கைபேசியில் வழி பார்த்து ஓட்டுகிறவர் என்றால் உங்கள் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு காரங்காடு இருக்கிறது, இங்கே போலவே அங்கேயும் தேவாலயம், கிறிஸ்தவக் குடும்பங்கள். வெறும் பெயரை மட்டும் போட்டால் அது உங்களை நாகர்கோவிலுக்கு அனுப்பிவைக்கும். “தொண்டி” என்று சேர்த்துத் தேடுங்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கு: ராமநாதபுரம் – தொண்டி வண்டி எதில் ஏறினாலும் விலக்கில் இறக்கிவிடுவார்கள். ஆனால் ஊருக்குள் போக ஆட்டோவைத் தேட வேண்டியிருக்கும். அம்மாவோடு அந்த வேலை வேண்டாம்.

காரங்காட்டில் நீங்கள் பார்க்கப் போவது ஆறு கடலில் சேரும் இடத்தில் வளர்ந்திருக்கும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். படகு ஓட்டுபவர்கள் அந்த ஊர் மீனவர்கள், சமைப்பது அந்த ஊர்ப் பெண்கள். நீங்கள் கொடுக்கும் கட்டணத்தின் பயன் ஊருக்குள்ளேயே தங்குகிறது என்பதால் நான் பேரம் பேசாதீர்கள் என்றுதான் சொல்வேன். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. சீட்டு கொடுக்கும் இடத்தில் எழுதிப் போட்டிருப்பார்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

காலையிலேயே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். காலையில் அலையில்லாமல் கிடக்கும், பொழுது ஏற ஏறக் காற்று எழும். வாய்க்காலுக்குள் படகு போகும்போது இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வரும். சேற்றிலிருந்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்பவை அலையாத்தியின் சுவாச வேர்கள். நீரில் மூழ்கிய மண்ணில் காற்று கிடைக்காது என்பதால் அது வேரை மேலே நீட்டி மூச்சு வாங்குகிறது. அதன் இலையின் அடிப்பக்கத்தைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும், உப்பு ஒட்டும். மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை வேறு மாதிரி. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். பழுத்ததும் நேராகச் சேற்றில் விழுந்து குத்திக்கொள்ளும். படகுக்காரரைக் கேட்டால் எல்லாம் காட்டுவார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பறவை பார்க்கவும் தை மாதம் நல்ல பருவம். வலசை வந்தவை இன்னும் திரும்பியிருக்காது. பூநாரை கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். கடல் பசுவைப் பற்றிப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுங்கள்: பார்க்க முடியாது. அது இந்தக் கடலில் இருப்பது உண்மை, கடல்புல்லைத் தின்று வாழ்வதும் உண்மை. 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, ஆனால் அது இன்னும் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில். கடல் பசு கண்ணில் படுவது மீனவர்களுக்கே அபூர்வம். கடல்புல்லை மட்டும், நீர் தெளிவாக இருக்கும் நாளில் முகமூடி போட்டுக் குனிந்தால் பார்க்கலாம்.

அம்மா படகில் ஏறலாமா? ஏறலாம், இரண்டு பேர் கை கொடுத்தால். கரையிலிருந்து படகுக்குக் கால் எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடிதான் சிரமம். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் அதிகம் இருக்காது. உயிர்காப்புச் சட்டையைக் கட்டாயம் போடச் சொல்வார்கள். “எனக்கெதுக்கு இதெல்லாம்” என்று அம்மாக்கள் சொல்வது வழக்கம், விட்டுவிடாதீர்கள். புடவையைவிடச் சுடிதார் வசதி என்று நான் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள், ஆகவே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பு வாரோடு இருக்கட்டும். துடுப்புப் படகை, அதாவது கயாக்கை, பெரிய பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் உடன் ஒருவர் இருந்தால்.

சாப்பாடு. காரங்காட்டின் பெருமையே மதியச் சாப்பாடுதான்: நண்டு, இறால், மீன் குழம்பு, பொரித்த மீன். விருந்து என்று சொல்லத்தக்க சமையல் அது. உங்கள் அம்மாவுக்கு அங்கே பந்தியில் உட்காருவதே கஷ்டமாக இருக்கும். சைவம் தனியாக முடியுமா என்று முன்பே கேட்டுப் பார்க்கலாம். நானாக இருந்தால் கேட்கவும் மாட்டேன். ராமநாதபுரத்தில் கிளம்பும்போதே தயிர் சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு வந்து, மர நிழலில் அம்மாவை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வேன். குடிநீரும் கையோடு வரட்டும். இந்த மாவட்டத்துக் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, புதியவர்களின் வயிற்றுக்கு ஆகாது. பாட்டிலைக் காட்டில் போட்டுவிட்டு வராதீர்கள்.

இது சுற்றுலாவுக்காகக் கட்டிய இடமல்ல, குடியிருக்கும் ஊர். வலை பின்னிக்கொண்டோ கருவாடு காயவைத்துக்கொண்டோ இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே கோயிலில் இருக்கும், கூட்டமும் அன்றுதான் அதிகம். வேலை நாளில் போவது உத்தமம்.

மூன்று மணிக்குத் தெற்கே திரும்பினால் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல். ராமர் நவக்கிரகங்களை வழிபட வைத்தவை என்பது ஐதீகம். நடைபாதை இருப்பதால் அம்மா தண்ணீரில் இறங்காமலே கிட்டப் போய்ப் பார்க்கலாம். பரிகாரம் செய்துவைக்கிறேன் என்று வருகிறவர்களிடம் முதலிலேயே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுங்கள். இருட்டுவதற்குள் திருப்புல்லாணிக்குப் போய்ச் சேரலாம். ராமநாதபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தர்ப்பைப்புல் மேல் படுத்திருக்கும் ராமரை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. பாயசப் பிரசாதம் கிடைத்தால் விடாதீர்கள்.

லிஸ்பன் போய்வந்தவர் என்பதால் ஒரு விலகல். அந்த நகரத்தில் 1647இல் பிறந்து, போர்ச்சுகல் இளவரசருக்குத் தோழனாக அரண்மனையில் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ, இங்கே வந்து அருளானந்தர் ஆனார். முதல் நாள் நீங்கள் பார்க்கும் அரண்மனையைக் கட்டிய அதே கிழவன் சேதுபதியின் ஆணையால், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஓரியூர் திருவாடானைப் பக்கம். அவர் ரத்தத்தால் சிவந்தது என்று சொல்லி அங்கே மக்கள் மண் எடுத்துப் போவார்கள். காரங்காட்டிலிருந்து இன்னும் வடக்கே போக வேண்டும், உங்கள் இரண்டு நாளுக்குள் திணிக்காதீர்கள். தம்பியைக் கேளுங்கள், லிஸ்பனில் இவரைத் தெரியுமா என்று.

மூன்றாம் நாள் ராமேஸ்வரம். விடியற்காலை ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஆசைப்பட்டால் ராமநாதபுரத்திலிருந்து மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். அம்மா விரும்பினால் செய்யுங்கள், நீங்களாகத் தூண்ட வேண்டாம். மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் எப்படியும் எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். 22 தீர்த்தத்துக்குச் சீட்டைக் கோயில் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். “சீக்கிரம் முடித்துத் தருகிறேன்” என்று தெருவிலேயே வந்து ஒட்டிக்கொள்பவர்கள் கேட்கும் தொகைக்கும் கவுன்டர் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது. அம்மாவை 22 தீர்த்தத்துக்கும் கூட்டிப்போக நான் சம்மதிக்க மாட்டேன். தளம் முழுக்க ஈரம், பாசி, முன்னும் பின்னும் ஓடுகிறவர்கள். முழங்கால் வலியோடு விழுந்தால் யாத்திரை ஆஸ்பத்திரியில் முடியும். நீங்கள் போய்வாருங்கள், அவருக்கு ஒரு செம்பில் கொண்டுவந்து தலையில் தெளித்தால் போதும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுத்துணி காரில் இல்லாமல் கையில் இருக்கட்டும். மூன்றாம் பிரகாரத்தை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். 1212 தூண்கள் என்று எண்ணிக்கை சொல்வார்கள். அதுவும் சேதுபதிகள் கைங்கரியம்தான்.

தனுஷ்கோடிக்கு மதியத்துக்குப் பிறகு போங்கள், ஆனால் மாலை ஐந்துக்குள் திரும்பும் கணக்கோடு. அதற்குப் பிறகு வண்டிகளை உள்ளே விடுவதில்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஒரு பக்கம் பெண்கடல், இன்னொரு பக்கம் ஆண்கடல் என்று அங்கே சொல்வார்கள். எந்தக் கடலாக இருந்தாலும் முனையில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுக்கும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ரயில் நிலையம், தேவாலயம் ஆகியவற்றின் சுவர்கள் வழியில் நிற்கும்.

பாம்பனில் சாலைப் பாலத்தின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நிறுத்தாதீர்கள், போலீஸும் விடாது. அதற்குப் பதில் பிள்ளைகளை ரயிலில் அழைத்து வாருங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். திரும்பும்போது கணவரும் அம்மாவும் காரில் வரட்டும். நீங்களும் பிள்ளைகளும் ராமேஸ்வரத்தில் ரயில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கிக்கொள்ளலாம். நேர அட்டவணை மாறிக்கொண்டிருக்கிறது, முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வாங்கிப் போக: ராமநாதபுரம் முண்டு மிளகாய், கருப்பட்டி, கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பு. மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வேண்டாதவை: சங்கு, பவளம் என்று சாலையோரத்தில் விற்பவை. பவளமும் சில வகைச் சங்கும் வனவிலங்குச் சட்டத்தின்படி விற்பதும் வாங்குவதும் குற்றம்.

இன்னொரு முறை வர நேர்ந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். இந்த மாவட்டத்து மழையெல்லாம் அப்போதுதான், வாடைக்காற்றில் காரங்காட்டுக் கடலும் சும்மா இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகும் என்றாலும் மீன் விலை ஏறியிருக்கும், வெயிலும் தாங்காது.

காரங்காட்டில் மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கணக்குப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் நண்டும் இறாலும் வாங்குகிறார்கள். சொல்லாமல் போய் நின்றால் அன்று உங்களுக்கும் தயிர் சாதம்தான்.